தலைமாட்டுப் பலகையில் திட்டு

ரத்தினம்மாள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கட்டிலைப் பார்த்தாக வேண்டும். சாமி படத்துக்குக் கும்பிடு போடாமல்கூட அந்த வீட்டுக்குள் போய்விடலாம், கட்டிலைப் பார்க்காமல் போக முடியாது. படுக்கையறையில் கிடக்க வேண்டியதை நடுக்கூடத்தில், கிழக்கு ஜன்னலுக்கு எதிரே போட்டு வைத்திருந்தாள். காலை வெயில் நேராகத் தலைமாட்டுப் பலகையில் விழும். வெயில் விழுந்தால்தானே பாலிஷில் இருக்கிற திட்டு தெரியும்! கல்யாணம் ஆகி ஆறு மாதமாக மருமகள் இளமதியும் மகன் அருண்குமாரும் உள்ளறையில் பாய் விரித்துத் தரையில்தான் படுத்துக்கொண்டிருந்தார்கள்.

“மருமவ வீட்டுச் சீரு,” என்பாள் வந்தவர்களிடம். “அவுங்கப்பாவே பாலிஷ் போட்டது. திருப்பாதிரிப்புலியூர்ல பட்டறை வச்சிருக்காரு. மஞ்சக்குப்பத்துல பெரிய பெரிய வக்கீலுங்க வீட்டுக் கதவெல்லாம் அவரு போட்டதுதான்.”

அதோடு நிறுத்திக்கொள்வாள். மிச்சத்தை வந்தவர்கள் கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். பலகையின் வலது பக்கம் ஒரே சீராகத் தேக்கு நிறத்தில் பளபளக்கும். இடது பக்கம் இங்கே கருத்து, அங்கே வெளிறி, தேமல் படர்ந்த முதுகு மாதிரி இருக்கும்.

“மரத்துக்குக்கூடவா தேமல் வரும்?” என்று ஒருத்தி கேட்டாள். ரத்தினம்மாள் சிரிக்கவில்லை. “அப்பிடிச் சொல்லாதீங்க, பாவம். சொந்தப் பொண்ணுக்குப் பண்ணும்போது கை நடுங்கியிருக்கும்,” என்றாள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதில் அவளுக்கு ஈடு சிதம்பரத்தில் நாலு வீதியிலும் கிடையாது. இளமதி அப்போது காப்பித் தட்டோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். அவள் நிற்கிற நேரம் பார்த்துத்தான் கட்டில் பேச்சே ஆரம்பமாகும்.

அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் கிடையாது. ‘பாலிஷ்காரர் பொண்ணு’. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சமையலறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அருண்குமாரிடம் சொன்னால், “எங்கம்மா அப்பிடித்தான், நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்,” என்று செல்போனிலிருந்து தலை நிமிராமல் சொல்வான். ஆண்பிள்ளைகளுக்கு இந்த ஒரு வாக்கியத்தை யார்தான் மனப்பாடம் செய்து வைக்கிறார்களோ! எப்படியாவது அந்தச் சாப்பாட்டு மேஜையில் தனக்கும் ஒரு இடம் கிடைத்துவிடாதா என்பதுதான் ஆறு மாதமாக இளமதிக்கு இருந்த ஒரே கவலை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் திட்டு அவள் போட்டது.

கட்டில் மாமரம். அதை யாரும் மறைக்கவில்லை. நிச்சயதார்த்தத்தன்றே அவள் அப்பா சுப்பராயலு வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். “நல்லா காஞ்ச மரம் சம்பந்திம்மா. கலர் போடாம, மேல கிளியர் லேக்கர் மட்டும் அடிச்சி, மாமரத்த மாமரமாவே வுட்டுட்டா அதுக்குன்னு ஒரு அழகு இருக்குது,” என்றார். ரத்தினம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. “மாமரம்னா பரவால்ல, பாக்கறதுக்குத் தேக்கா இருக்கணும். நாலு பேரு வந்து போற வீடு,” என்றாள்.

மாமரத்தைத் தேக்காக்குவது லேசான காரியமில்லை. அது சாயத்தை எல்லா இடத்திலும் ஒரே அளவு குடிக்காது. ரேகை சுழித்த இடத்தில் மடமடவென்று குடித்துக் கருத்துப்போகும், இறுகின இடத்தில் தொடாமல் அப்படியே விட்டுவிடும். அதனால் முதலில் சீலர் என்கிற அடிப்பூச்சைத் தின்னரில் நீர்க்கக் கலந்து பலகை முழுக்க ஒரு கை அடித்து, மரத்தின் தாகத்தைத் தணித்துவிட வேண்டும். அது காய்ந்த பிறகு கலர் போட்டால் ஒரே சீராகப் பிடிக்கும். பட்டறைக்குள்ளேயே வளர்ந்த இளமதிக்கு இது தெரியாதா? பிளஸ் டூ படிக்கும்போதே அவள் கலந்து கொடுக்கிற கலரை அப்பா மறுபேச்சில்லாமல் தொட்டுப் பூசுவார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், விட்டுப்போன பத்திரிகைகளைக் கொடுத்துவிட்டு வரக் கிளம்பினவர், “பாப்பா, தலைமாட்டுக்கு மட்டும் ஒரு கை சீலர் அடிச்சி வச்சிடு. நான் வந்து கலர் போட்டுக்கறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வலது கோடியில் ஆரம்பித்தாள். பலகையின் நடுவுக்கு வந்தபோது மெஹந்தி போடுகிற பெண் வந்துவிட்டாள். சித்தி மகள்கள் கூச்சல் போட்டார்கள். “தின்னர் கைய வச்சிகினு இருந்தீன்னா மெஹந்தி புடிக்கவே புடிக்காதுடி. செவக்கலன்னா உங்க வீட்டுக்காரரு ஆசையா இருக்க மாட்டாரு, பாத்துக்க,” என்று இழுத்தார்கள். இளமதி பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு எழுந்து போனாள். அப்புறம் வந்து அடிக்கலாம் என்றுதான் நினைத்தாள். இரண்டு கையிலும் மெஹந்தி காயக் காய உட்கார்ந்திருந்தவளுக்குப் பலகை மறந்தே போய்விட்டது.

காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத பூச்சு அது. சாயங்காலம் வந்த சுப்பராயலு, “ஆச்சா பாப்பா?” என்று கேட்டார். “ஆச்சுப்பா,” என்றாள். மெஹந்தி அன்றைக்கு ரத்தச் சிவப்பாகப் பிடித்திருந்தது, எல்லோரும் அவள் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள்.

டியூப் லைட் வெளிச்சத்தில் அவர் கலர் போட்டபோது இடது பக்கம் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. வாசலில் வண்டிக்காரன் ஏற்றுவதற்குக் காத்திருந்தான். மேலே இன்னொரு கை இழுத்து, லேக்கர் அடித்து, அந்த வெளிச்சத்துக்குச் சரியாக இருக்கிற மாதிரி செய்து அனுப்பினார். மறுவீட்டு விருந்துக்குச் சிதம்பரம் வந்தபோதுதான் பகல் வெளிச்சத்தில் அதைப் பார்த்தார். துண்டு முனையால் ஒரு தடவை துடைத்தார். தூசியாக இருந்தால்தானே போகும். “தின்னர ஜாஸ்தி ஊத்திட்டேன் போலருக்குது,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் மாமர வேலையைத் தொடவில்லை. அம்மா புஷ்பவள்ளி போனில் சொன்னாள். “மாமரம்னா ஒங்கப்பா கிட்டவே போவறதில்ல, வேலைக்கு இருக்குற பக்கிரியத்தான் போடச் சொல்றாரு. எங்கைய இனிமே நம்ப முடியாதுங்கறாரு. ராத்திரியில எழுந்து ஒக்காந்துகினு வெரல நீட்டி நீட்டிப் பாக்கறாரு.” கேட்டுக்கொண்ட இளமதி போனை வைத்தாள். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இப்படியே இருபத்துநாலு வாரம் ஓடிவிட்டது. விஷயம் மாமியார் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கும்போதெல்லாம் அவள் வாய் தானாக மூடிக்கொண்டது.

ரத்தினம்மாளின் மகள் சிந்துஜாவைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வடலூரிலிருந்து வருவதாக முடிவானது. உடனே சம்பந்திக்குப் போன் போனது. “நீங்க போட்டத நீங்களே வந்து சரிபண்ணிட்டுப் போங்க. வர்றவங்க முன்னாடி எம்மானம் போவக்கூடாது.” கட்டிலை உள்ளறையில் தள்ளிவிட்டால் முடிகிற காரியம். ஆனால் ஆளைக் கூப்பிட்டு பின்கட்டில் குந்தவைத்துப் பார்க்கிற சுகம் அதில் கிடைக்காதே.

வெள்ளிக்கிழமை காலை சுப்பராயலு டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து இறங்கினார். பின்னால் சீலர், தின்னர் டப்பாக்கள், உப்புத்தாள் கட்டு, பழைய பனியன் துணி மூட்டை. முன்னால் பையில் மகளுக்கு மல்லிகைப்பூவும் முந்திரிப் பருப்பும்.

“பூவெல்லாம் எதுக்கு மேஸ்திரி,” என்றாள் ரத்தினம்மாள். ஆறு மாதத்துக்கு முன்னால் சம்பந்தியாக இருந்தவர் இன்றைக்கு மேஸ்திரி. “பின்னாடி துணி தொவைக்கிற கல்லுகிட்ட வச்சிப் பண்ணுங்க. நாத்தம் உள்ள வரப்போவுது.” அவர் அதற்கும் தலையாட்டினார். மகள் வாழ்கிற வீட்டில் அவரால் வேறு என்ன செய்ய முடியும்?

தலைமாட்டைக் கழற்றிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்ததும், என்ன பாலிஷ் போடுவது என்ற பேச்சு வந்தது. ரத்தினம்மாளுக்கு ரோஸ்வுட் கலர் மேல் ஆசை. “அடர்த்தியா அடிச்சிட்டா எல்லாம் மறைஞ்சிடுமில்ல?”

“மறையாதுங்க. கலர் கருக்கக் கருக்கத் திட்டும் கருக்கும்,” என்றார் சுப்பராயலு. “ஸ்ப்ரே கன்ல கலர லேக்கரோட கலந்து மேலாப்புல அடிச்சி மூடலாம். ஆனா மரத்தோட ரேகையே தெரியாது, பெயிண்ட் அடிச்சாப்புல இருக்கும். என்னக் கேட்டா, சுரண்டி வெள்ள மரத்துக்குக் கொண்டாந்து, கிளியர் மட்டும் போடுவேன்.”

“வெள்ளையா வுட்டா மாமரம்னு பச்சப் புள்ளைகூடச் சொல்லிடும்.”

“அப்போ தேக்கு கலரேதான். சுரண்டிட்டு, முழுசா சீலர் அடிச்சி, நல்லா காய வுட்டு, அப்புறமா கலர், லேக்கர். ஞாயித்துக்கெழம காத்தால கட்டில்ல மாட்டிடலாம்.”

“என்னமோ பண்ணுங்க. போன தடவையும் இப்பிடித்தான் பேசினீங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தரகு பேச வந்திருந்த அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை, வடலூர்க்காரி, கூடத்தில் உட்கார்ந்து முந்திரியைக் கொறித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவும் மகளும் எதிரெதிரே குந்தி வேலையை ஆரம்பித்தார்கள். பழைய பூச்சைக் கரைக்கிற ரிமூவரைப் பூசினார். லேக்கர் பொங்கிச் சுருண்டு வந்ததைத் தகட்டால் வழித்தார். இளமதி துணி கிழித்துக் கொடுத்தாள். “நல்லா இருக்கியா பாப்பா?” என்று ஒரு தடவை கேட்டார். “ம்,” என்றாள். அவள் கண் பலகையைவிட்டு நகரவில்லை. லேக்கர் போன பிறகு அந்த மரம் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இதுதான் சமயம், அவர் பார்ப்பதற்குள் நாமே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். கூடத்திலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. மூடிக்கொண்டாள்.

சுப்பராயலு தின்னரில் துணியை நனைத்து வலது கோடியிலிருந்து துடைத்தார். பழைய கலர் துணியோடு வந்தது, மரம் வெள்ளையாகத் தெளிந்தது. நடுப்பலகைக்கு வந்தார். பாதிப் பலகை வெளுத்தது. அதற்குமேல் எவ்வளவு தேய்த்தும் கலர் வரவில்லை. உள்ளே ஊறிப்போயிருந்தது. வெளுத்த பாதிக்கும் ஊறிய பாதிக்கும் நடுவே, மேலிருந்து கீழாக, பிரஷ் நின்ற இடம் கோடாகத் தெரிந்தது.

துடைப்பதை நிறுத்தினார். அந்தக் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகக் கீழே வரைக்கும் இழுத்தார். பலகை ஒன்று, மரம் ஒன்று, கலர் போட்ட கையும் ஒன்று. ஒரு பாதியில் சீலர் இருக்கிறது, மறுபாதியில் இல்லை. முப்பது வருஷம் இதே வேலையில் கிடந்தவருக்கு இதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆறு மாதமாகத் தன் விரலையே சந்தேகப்பட்ட மனிதர் இல்லையா, அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சிரிக்கக்கூடச் செய்தார். அப்புறம்தான், அன்றைக்கு பிரஷ்ஷைப் பிடித்தது யார் என்ற ஞாபகம் வந்தது. சிரிப்பு அப்படியே இருக்க, தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். அதில் கோபம் துளிகூட இல்லை. சின்னப் பிள்ளை மாங்காய் திருடி மாட்டிக்கொண்டால் பார்ப்பார்களே, அந்த மாதிரிதான் பார்த்தார். “பாப்பா...” என்று ஆரம்பித்தார்.

“என்னா மேஸ்திரி, சீக்கு என்னான்னு கண்டுபுடிச்சிட்டீங்களா?” ரத்தினம்மாள் தங்கையோடு பின்வாசலில் வந்து நின்றாள்.

“ம். கண்டுபுடிச்சிட்டேங்க.”

“மரத்துல கோளாறா, கையில கோளாறா?”

அவர் மகளைப் பார்த்தார். சொல்ல வேண்டியவள் எதிரே இருக்கிறாள், அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். சொல்லிவிடுவாள் என்றுதான் அவர் நம்பினார். அவருடைய முகத்தில் அந்த நம்பிக்கை அப்பட்டமாகத் தெரிந்தது.

ரத்தினம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள். “நீயே சொல்லேன். பட்டறையிலேயே பொறந்து வளந்தவ. என் தங்கச்சியும் தெரிஞ்சிக்கட்டும். நம்ம வீட்டு ஆளா நின்னு, உள்ளது உள்ளபடி சொல்லு.”

நம்ம வீட்டு ஆள். ஆறு மாதத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. ‘நான்தான் பாதியில விட்டேன்.’ அவ்வளவுதான் அவள் சொல்ல வேண்டியது. நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ஆனால் சொன்ன மறுநிமிஷம் மாமியார் முகம் எப்படி மாறும் என்பதை அவள் அதற்குள் பார்த்துவிட்டாள்.

“அப்பாவுக்குக் கை முன்ன மாதிரி இல்லீங்க அத்த,” என்றாள் இளமதி.

அதோடாவது விட்டாளா? ஒரு பொய் தனியாக நிற்காது என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும். “எங்கம்மாவே சொல்லுவாங்க. மாமரத்துக்கெல்லாம் இப்ப அவரு கைய வைக்கறதில்ல, பக்கிரியத்தான் போடறாரு. எங்கைய நம்ப முடியாதுன்னு அவரே சொல்றாராம்,” என்று சேர்த்துச் சொன்னாள்.

அவளால் பட்ட வேதனையில் அந்த மனிதர் தன் பெண்டாட்டியிடம் புலம்பியதை எடுத்து, அவருக்கு எதிராகவே சாட்சி வைத்தாள். எதிரிகூட அவ்வளவு தூரம் போக மாட்டான்.

சுப்பராயலு கையிலிருந்த துணியை இரண்டாக மடித்தார். மறுபடியும் மடித்தார். கலர் படிந்த பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் கல்லின்மேல் வைத்தார்.

“ஆமாங்க,” என்றார். “எங்கைதான்.”

வடலூர்க்காரி ‘ச்சு’ கொட்டினாள். ரத்தினம்மாள் முகத்தில் நிறைவு வந்தது. “அப்பிடின்னா எதுக்கு ரெண்டாந்தபா கெடுக்கணும்? நீங்க வச்சிட்டுக் கெளம்புங்க. நான் இங்கயே ஒரு ஆளப் பாத்துக்கறேன். வயசாயிட்டா ஒதுங்கிக்கணும் மேஸ்திரி, அதுதான் மரியாத.”

அவர் தகட்டைத் துடைத்தார், டப்பாக்களை மூடினார், ஒவ்வொன்றாக வண்டியில் கட்டினார். தின்னர் டப்பாவை இளமதி தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை. “வரேங்க சம்பந்திம்மா,” என்று வீட்டைப் பார்த்துச் சொன்னார். வண்டி கிளம்பியது.

அன்று மதியம் மேஜையில் இலை போட்டதும் ரத்தினம்மாள், “இளமதி, வா, ஒக்காரு. சேந்தே சாப்புடலாம்,” என்றாள். முதல் தடவையாகப் பெயர் சொல்லி. இளமதி உட்கார்ந்தாள். சாப்பாடு தொண்டையில் இறங்காது என்று நினைத்தாள். வெட்கக்கேடு, நன்றாகவே இறங்கியது. ரசத்துக்கு மறுசோறு வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை உள்ளூர் ஆள் ஒருவன் வந்தான். மிச்சத்தைச் சுரண்டித் தேய்த்தான், வலது பாதியிலிருந்த சீலரும் அதோடு போய்விட்டது. சீலர் என்று இளமதி வாயெடுத்தாள். “அதெல்லாம் தேவையில்லம்மா, வேலைய இழுக்கறவன் பண்றது,” என்று சொல்லி வெறும் மரத்தின்மேல் ரோஸ்வுட் கலரை இழுத்தான். ஒரு மணி நேரத்தில் பலகை முழுக்க, வலது பக்கம் இடது பக்கம் என்ற பேதமில்லாமல், கருந்திட்டு பூத்தது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்தான். நேரம் மூன்று. மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

“ஒங்கப்பாவுக்குப் போனப் போடு,” என்றாள் ரத்தினம்மாள். “வர வேணாம். என்னா பூசணும், எப்பிடிப் பூசணும்னு மட்டும் கேட்டுக்க. நீயே பூசிடு. ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்.”

இளமதி பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு போன் செய்தாள். நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்.

“அப்பா, நான் இளமதி பேசறேன்.”

“சொல்லுங்க.”

அவள் போன் திரையைப் பார்த்தாள். ‘அப்பா’ என்றுதான் இருந்தது. பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட அவர் அவளை ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை.

“அந்தத் தலைமாட்டுல... இங்க ஆளு கலர் போட்டாரு. எல்லாப் பக்கமும் திட்டு வுழுந்துடுச்சி. என்னா பண்றதுன்னு அத்த கேக்கறாங்க.”

“என்னா மரம்ங்க?”

அவள் மாமியாரைப் பார்த்தாள். ரத்தினம்மாள் கையை ஆட்டிச் சொல்லச் சொன்னாள்.

“மாமரம்.”

“போட்டத முழுசா எடுத்துடுங்க. ஒரு பங்கு சீலருக்கு நாலு பங்கு தின்னர். இந்தக் கோடியில ஆரம்பிச்சீங்கன்னா அந்தக் கோடி வரைக்கும் ஒரே மூச்சுல அடிக்கணும். நடுவுல யாரு கூப்ட்டாலும் எழுந்துக்கக் கூடாதுங்க. காஞ்சப்புறம் முன்னூத்தி இருவது நம்பர் உப்புத்தாள்ல லேசா ஒரு தேய்ப்பு. அதுக்கு மேல கலர்.” பட்டறைக்கு வருகிற வாடிக்கைக்காரரிடம் சொல்கிற அதே நிதானமான குரல். “எழுதிக்கினீங்களா?”

“அப்பா...”

“வேற எதாவதுங்களா?”

பக்கத்தில் மாமியாரின் மூச்சு கேட்டது. பேனாவை மூடினாள்.

“இல்லீங்க,” என்றாள் இளமதி.

“சரிங்க, வச்சிடறேன்.”

ரத்தினம்மாள் போனை வாங்கி அணைத்தாள். “பரவால்லியே, ஒங்கப்பாவுக்கு இப்பத்தான் மட்டு மருவாதி தெரிஞ்சிருக்குது,” என்றாள். “ம், எழுதினதப் படி.”

இளமதி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.